பாப்லர் பக்கத்துக் கோல்

டோபோலிக்,
18 ஆகஸ்ட் 1997

அன்புள்ள அண்ணா,

பாப்லர் மரப் பக்கத்துக் கோல் கோடு வளைந்திருந்தது. முதலில் என் கண்ணில் பட்டது அதுதான். சனிக்கிழமை காலை, துவைத்த ஜெர்சிகளைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தேன். அங்கிருந்து மைதானம் முழுக்கத் தெரியும். இடது கம்பத்திலிருந்து நேராகக் கிளம்பிய சுண்ணாம்புக் கோடு, நடுவில் ஒரு சாண் விலகிப்போய்த் திரும்பி வந்திருந்தது. இருபத்தாறு வருடமாக அப்பா போடுகிற கோடு. நூல் கட்டாமல் போட்டாலும் வளையாது என்று ஊரே சொல்கிற கோடு.

சொன்னேன். "நூல் வழுக்கிருச்சு" என்றார். அழித்துவிட்டு மறுபடி போட ஆரம்பித்தார். பாதியில் சுண்ணாம்பு வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். மூச்சு வாங்கியது. மீதியை நான் போட்டேன். ஆட்டம் பார்க்க வந்த யாரும் கவனிக்கவில்லை. நம் ஸ்ப்ளாவர் கிளப் ஆட்கள் பந்தையும் சூரியகாந்தி விதைப் பொட்டலத்தையும் தவிர எதைப் பார்த்திருக்கிறார்கள்? இரண்டுக்கு ஒன்று என்று ஜெயித்தோம்.

நீ போய் இரண்டு மாதம் ஆகிறது. கிளப் செயலாளர் மிலுட்டின் மாமா ஆபீஸ் போனை என் பக்கம் தள்ளி, அண்ணனோடு பேசு என்கிறார். எனக்குப் போனில் பேச வராது. அந்தப் பக்கம் குரல் கேட்டதும் எல்லாம் மறந்துபோகிறது. வகுப்பில் எழுந்து நிற்கச் சொன்னால் எப்படி நிற்பேனோ அப்படி. நல்ல வேளை, பள்ளிக்கூடத்தை விட்டாயிற்று. எழுதுவதென்றால் யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை. அதனால் உன் ஊருக்கு வருகிற பஸ்ஸில் டிரைவர் ஸ்தானோயே மாமாவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். கூடவே பிளம் ஜாம் ஒரு ஜாடி.

வீட்டில் உன் பேச்சே இல்லை. நீ காமெனாட்ஸுக்கு ஆடக் கையெழுத்துப் போட்ட செய்தியை அப்பா பேப்பரில் படித்த நாளிலிருந்து இல்லை. ஆற்றுக்கு மேலே நாற்பது கிலோமீட்டர்தான், ஆனால் நீ வேறு எந்த ஊருக்குப் போயிருந்தாலும் பொறுத்திருப்பார். அந்த ஊருக்கும் நமக்கும் எத்தனை வருடப் பகை. உன் கட்டிலில் இப்போது கோல் வலையை மடித்து வைத்திருக்கிறார். கேட்டால், "எடம் சும்மாத்தான கெடக்கு" என்கிறார்.

ஆனால் சனிக்கிழமை சாயங்காலம் ரேடியோவில் இரண்டாம் பிரிவு முடிவுகளை வாசிக்கும்போது, காமெனாட்ஸ் பெயர் வருவதற்குச் சற்று முன்னால் எழுந்து வெளியே போய்விட்டார். நான் எட்டிப் பார்த்தேன். ஜன்னலுக்குக் கீழேதான் நின்றார்.

ஜாடியைத் திருப்பி அனுப்பு.

உன் தங்கை
சென்கா


காமெனாட்ஸ்,
1 செப்டம்பர் 1997

அன்புச் சென்கா,

ஜாடியைக் கழுவ வேண்டிய வேலையே இல்லாமல் போயிற்று. என் அறையில் மூன்று பேர். ஒருவன் விரல் விட்டு வழித்துவிட்டு, "ரெல்யா, ஒன் தங்கச்சிக்கு மாப்ள பாக்குறாங்களாடா?" என்று கேட்டான். "நீ கேட்டு அவ பதில் சொல்றதுக்குள்ள நீ கெழவனாயிருவ" என்றேன்.

இங்கே நான்தான் முதல் கோல் கீப்பர். நான்கு ஆட்டத்தில் மூன்று கோல்தான் விட்டிருக்கிறேன். விடுதிச் சாப்பாடு பீன்ஸ், பீன்ஸ், ஞாயிற்றுக்கிழமை பீன்ஸில் இரண்டு துண்டு கறி.

அப்பாவிடம் சொல்லாமல் கையெழுத்துப் போட்டது தப்புதான். உன்னிடம் அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அங்கே நான் கம்பங்களுக்கு நடுவே நின்ற ஒவ்வொரு ஆட்டத்திலும் பின்னாலிருந்து ஒருவன் கத்துவான், உனக்கு நினைவிருக்கும்: "அவங்கப்பா இன்னைக்கும் கோலச் சின்னதா வரஞ்சு குடுத்துட்டார்டா!" எல்லோரும் சிரிப்பார்கள். அப்பாவும் சிரிப்பார். எனக்கு இருபத்திரண்டு வயது. நான் பிடித்த பந்து என்னுடையதாக இருக்க வேண்டும் என்று தோன்றியது. இதை அவரிடம் சொல்லியிருந்தால் தடுத்திருக்க மாட்டார். "போ" என்றிருப்பார். அந்த ஒரு வார்த்தையைக் கேட்கத்தான் எனக்குத் தைரியம் வரவில்லை.

கோடு வளைந்தது என்று எழுதியிருந்தாய். இரண்டு வாரமாக அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். டாக்டரிடம் கூட்டிப் போ.

ரெல்யா


டோபோலிக்,
21 அக்டோபர் 1997

அன்புள்ள அண்ணா,

சனிக்கிழமை உங்கள் மைதானத்தில் என்ன நடந்தது? அப்பா ஆட்டக்காரர்களின் சாமான் பெட்டியோடு பஸ்ஸில் வந்தார் அல்லவா. ராத்திரி திரும்பி வந்து, சேறு படிந்த பூட்ஸ்களை என் முன்னால் கொட்டினார். "ஒண்ணு சைபர். தோத்துட்டோம்" என்றார். அவ்வளவுதான். உன்னைப் பார்த்தாரா என்று கேட்க வாய் வரை வந்தது.

காலையில் மிலுட்டின் மாமா சொல்லித்தான் தெரியும், அப்பா தொண்ணூறு நிமிடமும் பஸ்ஸை விட்டு இறங்கவில்லையாம்.

டாக்டரிடம் வர மாட்டேன் என்கிறார். இருமல் விடவில்லை. பெல்ட்டில் புதிதாக ஒரு ஓட்டை போட்டிருக்கிறார். இப்போது கோடுகளை நான்தான் போடுகிறேன். அவர் பெஞ்சில் உட்கார்ந்து, "வலது, வலது, ஒன் வலதும்மா" என்கிறார்.

கம்பளி உள்சட்டை இரண்டு வைத்திருக்கிறேன். குளிர் வருகிறது.

சென்கா


காமெனாட்ஸ்,
26 அக்டோபர் 1997

சென்கா,

என்ன நடந்தது என்று சொல்கிறேன். ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் இரண்டு கப் காபி வாங்கிக்கொண்டு உங்கள் பஸ் அருகே போனேன். அவர் மூன்றாவது வரிசையில் இருந்தார். கை இரண்டிலும் கப் இருந்ததால் முழங்கையால் கண்ணாடியைத் தட்டினேன். என்னை நேராகப் பார்த்தார். பிறகு ஜன்னல் திரையை இழுத்துவிட்டார். பின் சீட்டில் என் பழைய சிநேகிதர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவனும் சிரிக்கவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. இரண்டு காபியையும் நானே குடித்தேன்.

ஒரு கோலும் விடாமல் ஜெயித்தேன். ராத்திரி தூக்கமே இல்லை.

எனக்கு ஒன்று மட்டும் செய். என் மனசு கஷ்டப்படும் என்று இனிப்புத் தடவி எழுதாதே. அவர் என்ன சொல்கிறாரோ அதை அப்படியே எழுது, நல்லதோ கெட்டதோ, உடனே எழுது. இங்கே நன்றாக ஆடினால் ஒரு பேச்சு, ஆடாவிட்டால் ஒரு பேச்சு, எதையும் நம்ப முடியாது. உண்மை சொல்ல எனக்கு இருப்பது நீ ஒருத்திதான்.

ரெல்யா


டோபோலிக்,
21 டிசம்பர் 1997

அன்புள்ள அண்ணா,

எழுதாதே என்று அப்பா சொன்னார். எழுது என்று நீ சொன்னாய். எழுதுகிறேன்.

நுரையீரல். மாவட்ட ஆஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள். வீட்டில் பெரியவர்கள் யாரும் இல்லையா என்று டாக்டர் கேட்டார். அம்மா இறந்து ஆறு வருடம் ஆகிறது, அண்ணன் வெளியூரில் என்றேன். வராந்தாவில் வைத்து என்னிடமே சொல்லிவிட்டார். கோடைக்காலத்தைப் பார்த்தால் பெரிது என்றார். திரும்பும் வழியில் பஸ்ஸில் அப்பா, "காத்தே வரல, ஜன்னலத் தொற" என்றார். அவருக்கும் தெரியும்.

வெள்ளிக்கிழமை புனித நிக்கோலாஸ் நாள், நம் குடும்பத் திருநாள். நீ வருவாய் என்று எதிர்பார்த்து மீன் அதிகமாகப் பொரித்தேன். ரொட்டியை வீட்டுத் தலைவரும் மகனும் சேர்ந்து பிடித்துச் சுற்ற வேண்டும் அல்லவா. பாதிரியார் வந்து நின்றார். அப்பா அறையை ஒரு தடவை சுற்றிப் பார்த்துவிட்டு, "சென்கா, நீ புடி" என்றார். நான் பிடித்தேன். ரொட்டிமேல் ஊற்றிய ஒயின் வழிந்து என் சட்டையெல்லாம் சிவப்பு.

விருந்தாளிகள் போன பிறகு தைரியம் வரவழைத்துக்கொண்டு கேட்டேன், அண்ணனை வரச் சொல்லி எழுதட்டுமா என்று. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், நீ கேட்டபடி:

"கதவு பூட்டியா கெடக்கு? வரட்டும். வர்றவங்க எல்லாம் விருந்தாளிதான். அவனும் விருந்தாளியா வந்துட்டுப் போகட்டும்."

அண்ணா, இதை எழுதியிருக்க வேண்டுமா என்று தெரியவில்லை. எப்படியாவது வா.

சென்கா


காமெனாட்ஸ்,
9 ஜனவரி 1998

சென்கா,

விடுமுறை பத்து நாள் இருந்தது. இரண்டு முறை பஸ் நிலையம் வரை போனேன். இரண்டு முறையும் அந்த வார்த்தை முன்னால் வந்து நின்றது. நான் பிறந்த வீட்டில் எனக்கு விருந்தாளி நாற்காலி போட்டு, ரக்கியா சாராயம் ஊற்றிக் கொடுத்து, வழி எப்படி இருந்தது என்று அவர் விசாரிப்பதை நினைத்துப் பார்த்தேன். என்னால் முடியாது.

நீ எழுதியது சரிதான். அதற்காக வருத்தப்படாதே.

நாளை முதல் மலைமேல் பயிற்சி முகாம். ஸ்தானோயே மாமாவிடம் ஆரஞ்சு ஒரு பையும், இங்கே டாக்டர் எழுதித் தந்த இருமல் மருந்தும் கொடுத்திருக்கிறேன். யார் அனுப்பியது என்று சொல்லாதே.

ரெல்யா


டோபோலிக்,
15 மார்ச் 1998

அன்புள்ள அண்ணா,

வசந்தச் சுற்று ஆரம்பித்துவிட்டது. மைதானம் சேறு. சுண்ணாம்பு போட்டால் மழை கரைக்கிறது, மறுபடி போடுகிறேன். அப்பா மைதானத்துக்கு வருவதில்லை. சாவிக் கொத்தை என்னிடம் கொடுத்துவிட்டார். படுக்கையிலிருந்தே, மூலைக் கொடி நட்டாயா, வலையைக் கட்டினாயா, கொக்கி போட்டாயா என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறார்.

நீ அனுப்பிய ஆரஞ்சை உரித்துக் கொடுத்தபோது, எங்கே வாங்கியது என்றார். கடையில் என்றேன். "இந்த ஊர்க் கடையில இப்படி ஆரஞ்சு வந்து நான் பாத்ததில்ல" என்றார். ஆனால் இன்னொன்று உரிக்கச் சொன்னார். நீ போன வாரம் அனுப்பியதும் தீர்ந்துவிட்டது.

நாம் பட்டியலில் பதினைந்தாவது, நீங்கள் பதினான்கு. இரண்டில் ஒன்று கீழ்ப் பிரிவுக்குப் போகும் என்று மிலுட்டின் மாமா விரல் விட்டு எண்ணிக்கொண்டிருக்கிறார். மே இரண்டாம் தேதி நீங்கள் இங்கே ஆட வருகிறீர்கள்.

எனக்கு யாருக்காகக் கவலைப்படுவது என்றே தெரியவில்லை.

சென்கா


டோபோலிக்,
25 ஏப்ரல் 1998

அன்புள்ள அண்ணா,

ஈஸ்டர் முட்டை ஆறு அனுப்பியிருக்கிறேன். வெங்காயத் தோலில் போட்ட சிவப்பு. உடைந்திருந்தால் ஸ்தானோயே மாமாவின் தப்பு.

அப்பா மிகவும் மெலிந்துவிட்டார். கஞ்சி மட்டும் இறங்குகிறது. ஆனால் இந்த வாரம் முகம் தெளிவாக இருக்கிறது.

ஒரு விஷயம் இருக்கிறது அண்ணா. நல்ல விஷயம். சொல்ல மாட்டேன். அடுத்த சனிக்கிழமை நீயே உன் கண்ணால் பார். எழுதினால் அது சின்னதாகிவிடும் போல இருக்கிறது. என் வாழ்நாளில் நான் யாருக்கும் இப்படி ஒன்றை ஒளித்து வைத்ததில்லை. நினைத்து நினைத்து எனக்கே சிரிப்பு வருகிறது. துணி துவைக்கும்போது பாடினேன் என்றால் நம்புவாயா?

சனிக்கிழமை பார்க்கலாம்.

உன் சென்கா


காமெனாட்ஸ்,
28 ஏப்ரல் 1998

அன்புச் சென்கா,

முட்டை ஒன்றுகூட உடையவில்லை. முட்டை மோதல் விளையாட்டில் என் முட்டையால் அறையில் இருந்த எல்லோருடைய முட்டையையும் உடைத்து ஜெயித்தேன்.

என்ன விஷயம்? ஒரு வரி எழுதி ஸ்தானோயே மாமாவிடம் கொடு. உடனே எழுது என்று சொல்லியிருக்கிறேன் அல்லவா. எனக்கு ஒளித்து வைப்பதெல்லாம் பிடிக்காது.

பஸ்ஸிலிருந்து இறங்கியதும் உன்னைத்தான் தேடுவேன்.

ரெல்யா


டோபோலிக்,
6 மே 1998

அண்ணா,

எப்படி ஆரம்பிப்பது என்று மூன்று தாளைக் கிழித்துவிட்டேன்.

அப்பா சனிக்கிழமை காலை ஐந்தரை மணிக்குப் போய்விட்டார். வலி இல்லை. முந்தின நாள் முழுக்கத் தூக்கமாகவே இருந்தார். காலையில் நான் அடுப்பு மூட்டிவிட்டு வந்து பார்த்தபோது கண் திறந்திருந்தது. பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து குளிப்பாட்டி, கறுப்புச் சூட் போட்டுவிட்டார்கள். ஏழு மணிக்கு நான் மைதானத்துக்குப் போய்க் கோடு போட்டேன். வேறு யார் போடுவார்கள்?

கிளப்பில் மிலுட்டின் மாமாவிடம் மட்டும் சொன்னேன். ஆட்டம் முடிகிற வரை அண்ணனுக்குத் தெரிய வேண்டாம், முடிந்ததும் நானே சொல்லிக் கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிப் போகிறேன் என்று கெஞ்சினேன். அவர் அழுதார். சரி என்றார். கிளப் ஆட்கள் யார் வாயும் திறக்காதபடி பார்த்துக்கொள்கிறேன் என்றார்.

உங்கள் பஸ் ஒன்றரை மணிக்கு வந்தது. நீ இறங்கியதும் நேராக என்னிடம் வந்தாய். "அப்பா எப்டி இருக்கார்?" என்று கேட்டாய். "இருக்கார்" என்றேன். உன் கண்ணைப் பார்த்துத்தான் சொன்னேன். இத்தனை வருடத்தில் நான் யார் கண்ணையும் பார்த்துப் பேசியதில்லை. அன்றைக்கு மட்டும் பார்த்தேன். நீ நம்பினாய். "அந்த நல்ல விஷயம் என்னது?" என்றாய். அப்புறம் என்றேன். என் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனாய்.

மூன்று மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது மிலுட்டின் மாமா என்னிடம் வந்தார். அவர் முகத்தைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. "என்னால முடியலம்மா. இருபத்தாறு வருஷம் இந்த மண்ணுல கோடு போட்ட மனுஷன். அவருக்கு ஒரு நிமிஷம் நிக்காம பந்த ஒதச்சா, அது நாங்க அவருக்குச் செய்யிற அசிங்கம்" என்றார். நடுவரிடம் சொல்லிவிட்டே வந்திருந்தார். நான் வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் ஒலிபெருக்கியில் அப்பா பெயர்.

நீ பாப்லர் பக்கத்துக் கோலில் நின்றிருந்தாய். எல்லோரும் எழுந்து நின்று தலை குனிந்தார்கள். நீ மட்டும் தலை குனியவில்லை. கூட்டத்தில் என்னைத் தேடிக்கொண்டிருந்தாய். கண்டுபிடித்தாய். அந்த ஒரு நிமிடம் முழுக்க என்னையே பார்த்துக்கொண்டு நின்றாய்.

பிறகு நடுவர் ஊதினார், நீ ஆடினாய். எண்பதாவது நிமிடத்தில் எங்களுக்குப் பெனால்டி கிடைத்தது. என் பின்னால் யாரோ, "அப்பன் பொணமாக் கெடக்கான், இவன் பந்துக்கு நிக்கிறான் பாரு" என்றார். "வாய மூடுறா" என்று இன்னொருவர் அவரை அடிக்கப் போனார். நீ வலது பக்கம் பாய்ந்து பிடித்தாய். யாரும் கைதட்டவில்லை, யாரும் திட்டவும் இல்லை. சைபருக்குச் சைபர் என்று முடிந்தது. நான் ஓடி வருவதற்குள் நீ பூட்ஸோடு பஸ்ஸில் ஏறிவிட்டாய். கதவைத் தட்டினேன். உன் ஜன்னலில் திரை விழுந்தது.

ஞாயிற்றுக்கிழமை அடக்கம் செய்தோம். ஆட்டக்காரர்கள் தூக்கினார்கள். முன்னால் வலது பக்கம் மகன் பிடிக்க வேண்டிய இடத்தில் மிலுட்டின் மாமா நின்றார்.

இப்போது அந்த விஷயம். ஈஸ்டருக்கு இரண்டு நாள் கழித்து அப்பாவாகவே கேட்டார், காமெனாட்ஸ் என்றைக்கு வருகிறது என்று. சொன்னேன். நாற்காலியில் உட்கார வைத்து நான்கு பேரை விட்டு மைதானத்துக்குத் தூக்கிப் போகச் சொன்னார். எங்கே போட என்று கேட்டேன். "அவன் கோலுக்குப் பின்னால போடு" என்றார். "நம்ம ஆளுங்க ஒரு மாதிரி பாப்பாங்க அப்பா" என்றேன். அதற்கு அவர் சொன்னது இதுதான், ஒரு வார்த்தை மாற்றவில்லை:

"பாத்தா பாக்கட்டும். கேளு, அவனுக்குப் பன்னெண்டு வயசுல இடது கணுக்கால் ஒடஞ்சுது. இன்னைக்கும் இடது பக்கம் விழ அரை நொடி லேட்டாகும். அதான் ஒரு அடி இடது பக்கம் தள்ளி நிப்பான், எல்லாரும் வலதுல எடம் இருக்குன்னு அங்கயே அடிப்பாங்க. நாங்க ரெண்டு பேரும் சேந்து கண்டுபிடிச்சது. இது ஒலகத்துல அவனுக்கும் எனக்கும்தான் தெரியும். நம்ம பசங்க யாரும் ஒங்கிட்டக் கேட்டா வாயத் தொறக்காத. அவன் நல்லா ஆடட்டும்."

இதைத்தான் ஒளித்து வைத்திருந்தேன். நீ இறங்கி வரும்போது உன் கோலுக்குப் பின்னால் அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருப்பார், நீ பார்ப்பாய், நான் உன் முகத்தைப் பார்ப்பேன் என்று நினைத்தேன்.

நாற்காலியை வெள்ளிக்கிழமையே துடைத்து வைத்திருந்தேன் அண்ணா.

சென்கா


காமெனாட்ஸ்,
17 மே 1998

சென்கா,

நம்புகிறேன். கணுக்கால் விஷயம் வேறு யாருக்கும் தெரியாது. அவர் சொல்லாமல் உனக்குத் தெரிந்திருக்காது.

அதனால்தான் தாங்க முடியவில்லை. அவர் சொன்னது செவ்வாய்க்கிழமை. செத்தது அதற்கடுத்த வாரம் சனிக்கிழமை. பதினோரு நாள். நாற்பது கிலோமீட்டர். ஒரு வரி எழுதியிருந்தால் அன்றைக்கே நடந்தாவது வந்திருப்பேன். எனக்கு அப்பா பதினோரு நாள் உயிரோடு கிடைத்திருப்பார். நீ அதை வைத்துக்கொண்டு துணி துவைத்துப் பாடிக்கொண்டிருந்தாய்.

கெட்டதை உடனே எழுதினாய். விருந்தாளி என்றதை எழுதினாய். நல்லதை மட்டும் வைத்துக்கொண்டாய். பிறகு பஸ் பக்கத்தில் நின்று என் முகத்தைப் பார்த்து, இருக்கார் என்றாய்.

ஏன் ஆடினேன் என்று ஊரில் கேட்பார்கள். எனக்கும் தெரியாது. விசில் ஊதியது, பந்து வந்தது. முடிந்த பிறகு அந்த வீட்டுக்குள் எந்த முகத்தோடு நுழைவது? பெட்டியைத் தூக்காத மகன் மகனில்லை. நாற்பதாம் நாள் அறிவிப்பில் என் பெயரைப் போடாதே. விருந்தாளிகள் பெயரை அதில் போடுவதில்லை.

உன்மேல் கோபம் என்று நினைக்காதே. கோபம்தான், ஆனால் அதைவிடப் பெரிதாக ஏதோ ஒன்று. கொஞ்ச நாள் எழுதாதே.

ரெல்யா


டோபோலிக்,
3 ஜூன் 1998

அண்ணா,

எழுதாதே என்றாய். இந்த ஒன்றுக்கு மன்னித்துவிடு.

நீ எழுதியது எல்லாமே சரி. பதினோரு நாளையும் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்க்கிறேன், ஒவ்வொரு நாளும் ஸ்தானோயே மாமாவின் பஸ் காலை ஏழு மணிக்கு நம் வீட்டைத் தாண்டித்தான் போனது. எனக்கு ஒரு தடவையாவது நான் கொடுத்து ஒருவர் சந்தோஷப்படுவதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும் என்று ஆசை இருந்தது. அவ்வளவுதான். அதற்கு இவ்வளவு விலை இருக்கும் என்று தெரியவில்லை.

ஸ்ப்ளாவர் ஒரு புள்ளியில் கீழ்ப் பிரிவுக்கு இறங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கடைசி ஆட்டம் முடிந்ததும் மிலுட்டின் மாமா ஆபீஸ் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஊரில் சிலர் அந்தப் பெனால்டியைச் சொல்கிறார்கள். அடித்த பையன் குளிர்காலத்தில் புதிதாக வந்தவன். பந்தை வைக்கப் போகும் முன் என்னிடம்தான் ஓடி வந்தான். "ஒங்கண்ணன் எந்தப் பக்கம் வீக்கு? சீக்கிரம் சொல்லு" என்றான். நான் தலையை ஆட்டினேன், தெரியாது என்று. இதை யாரிடமும் சொல்லவில்லை. உன்னிடம் ஒளிக்கக் கூடாது என்பதால் எழுதுகிறேன். இதற்காக நீ எதுவும் நினைக்க வேண்டியதில்லை.

நாற்பதாம் நாள் பிரார்த்தனை, வழக்கப்படி அதற்கு முந்தின சனிக்கிழமையே, அதாவது இந்தச் சனிக்கிழமை, பதினோரு மணிக்கு, கல்லறையில். படைக்கக் கோதுமை வேகவைத்துக் கொண்டுபோகிறேன். அறிவிப்பு அடிக்க நேற்று அச்சகத்துக்குப் போனேன். அப்பாவின் படம், கீழே நேரம், அதற்குக் கீழே 'துயரத்தில் இருப்போர்'. அச்சகக்காரர் நான் கேட்காமலே முதலில் 'மகன் ரெல்யா' என்று எழுத்துக் கோத்து வைத்திருந்தார். எல்லோருக்கும் மகன் பெயர்தான் முதலில். அதை எடுத்துவிடச் சொன்னேன். சரியாகக் காதில் விழவில்லை என்பதுபோல என்னைப் பார்த்தார். எடுத்துவிடுங்கள் என்று மறுபடி சொன்னேன். "யோசிச்சுத்தான் சொல்றியா, பாப்பா? ஊரு கேக்குமே" என்றார். அண்ணனே அப்படிச் சொன்னான் என்று சொல்லி, மூன்றாவது முறையும் எடுக்கச் சொன்னேன். எடுத்துவிட்டார். 'மகள் சென்கா' மட்டும். மேலே ஒரு வரி அளவுக்கு இடம் காலியாக விழுந்துவிட்டது. சேர்த்து அடிக்கட்டுமா என்று கேட்டார். வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்றேன்.

இருபது தாள். இன்று காலை பசை வாளியோடு கிளம்பினேன். நம் வீட்டுக் கேட், தேவாலயம், பஸ் நிலையம், ரொட்டிக் கடை, ஆற்றுப் பாலத்துக் கம்பங்கள். ரொட்டிக் கடையில் இரண்டு பெண்கள் படித்துவிட்டு என்னைப் பார்த்தார்கள். பையன் பெயர் எங்கே என்று ஒருத்தி கேட்டாள். நான் வாளியை எடுத்துக்கொண்டு நடந்துவிட்டேன்.

கடைசித் தாளை மைதானத்து நுழைவுக் கதவில் ஒட்டினேன். அங்கே யாரும் இல்லை. சீசன் முடிந்துவிட்டது, புல்லைக்கூட யாரும் வெட்டவில்லை. நான்கு மூலையையும் அழுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு என் பெயருக்கு மேலே காலியாக இருந்த இடத்தில் உன் பெயரைப் பென்சிலால் எழுதினேன்.

சென்கா